சங்கேதமும் வெளிப்படைச் சொல்லும்: ராஜீவ் காந்தி கொலை வழக்கின் மூலங்கள் குறித்துச் சில குறிப்புகள்

அரசியற் கொலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோரை இரு பொருள்கள் எளிதில் ஈர்த்துவிடுகின்றன. ஒன்று, புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கும் இனந்தெரியாத மனிதன். மற்றையது, பொருள் விளங்காத சங்கேதச் செய்தி. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டபோது, டலஸ் நகர வீதியோரத்தில் வெயிலிற் குடை விரித்து நின்ற ஒருவரைப் பற்றிப் பல ஊகங்கள் எழுந்தன. 1978இல் அவரே காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் தோன்றி, கென்னடியின் தந்தை சேம்பர்லினின் சமரசக் கொள்கையை ஆதரித்தமையைக் கேலி செய்யவே குடை பிடித்ததாகக் கூறினார். மர்ம மனிதர் யாவரும் சதிகாரர் அல்லர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எனினும், எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1991 மே 21ஆந் திகதி ஸ்ரீபெரும்புதூரில் இந்திய முன்னாட் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கமெரா சிதையாது கிடைத்தது. அதிலிருந்த பத்துப் படங்களுள், மாலையேந்திய பெண்ணும், குறிப்பேட்டுடன் பத்திரிகையாளர் போல் நின்ற மனிதனும் காணப்பட்டனர். அவர்களே தணுவும் சிவராசனும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இங்கு ஓரத்து மனிதனே சதியின் நடுநாயகமாக இருந்தான்.

சங்கேதச் செய்திகளும் இவ்வழக்கில் உண்மையாகவே இருந்தன. தமிழகத்திலிருந்து சிவராசன் யாழ்ப்பாணத்திலிருந்த பொட்டு அம்மானுக்கு வானொலித் தொடர்புக் கருவியால் அனுப்பியவை இடைமறிக்கப்பட்டுப் பின்னர் பொருள் காணப்பட்டன. அவற்றுள் 1991 மே 7ஆந் திகதிய செய்தி கவனத்திற்குரியது. தங்களது நோக்கம் தம் மூவரையன்றி வேறெவருக்கும் தெரியாது என்பதே அதன் சாரம். சதியை நிறுவும் அதே மூலம், அதன் வட்டம் எத்துணைச் சிறியது என்பதையும் கூறுகின்றது.

வழக்கின் உண்மையான சிக்கல் சங்கேதத்தில் இல்லை. யாவரும் வாசிக்கத்தக்க தமிழ் வாக்குமூலத்திலேயே உள்ளது. குற்றஞ்சாட்டப்பட்ட 41 பேருள் 12 பேர் இறந்துவிட்டனர், மூவர் தலைமறைவினர், விசாரிக்கப்பட்டோர் 26 பேர். 1998 ஜனவரியில் இந்த 26 பேருக்கும் தடா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் வைத்துக்கொண்டு, 19 பேரை விடுவித்தது. தடாச் சட்டத்தின் கீழான பயங்கரவாதக் குற்றம் நிறுவப்படவில்லை என்று கூறிய அத்தீர்ப்பு, அச்சட்டத்தின் கீழ்ப் பொலிஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலங்களை மட்டும் சான்றாக ஏற்றது.

அவற்றுள் ஒன்று, கைதாகும்போது 19 வயதினரான பேரறிவாளனுடையது. இரண்டு ஒன்பது வோல்ற் பற்றறிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாது விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013இல் வெளிப்படுத்தினார். பின்னர் மே 7ஆந் திகதிச் செய்தியையும் அவர் சான்றாகக் காட்டினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். பாடபேதம் என்பது ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று. விடுபட்ட ஒரு வாக்கியத்தின் விலை ஒரு மனிதனின் முப்பத்தோராண்டுகள்.

மறுபுறத்து மொழியையும் ஆராய்தல் வேண்டும். 2002 ஏப்ரலிற் கிளிநொச்சியில் நிகழ்ந்த பத்திரிகையாளர் மாநாட்டிற் பிரபாகரன் இக்கொலையைத் ‘துன்பியல் சம்பவம்’ என்றார். துன்பியல் என்பது நாடகவியற் கலைச்சொல். அங்கு விதி உண்டு, வீழ்ச்சி உண்டு. பொறுப்பேற்கும் எழுவாய் இல்லை. செய்தவரை மறைத்து நிகழ்ச்சியை மட்டும் நிறுத்தும் இத்தொடர், சங்கேதச் செய்தியினும் இறுக்கமாகப் பூட்டப்பட்ட வாக்கியமாகும்.

மானிப்பாயின் வாசிகசாலைகளில் இக்கொலை பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்நியப் புலனாய்வு நிறுவனங்களின் கரம் என்ற விளக்கமே அங்கு பெரிதும் விரும்பப்பட்டது. முற்போக்காளராகிய நம்முள்ளும் பலர், ஏகாதிபத்தியம் என்ற சொல்லைச் சான்றுக்குப் பதிலாக வைத்தோம். ஏகாதிபத்தியம் பற்றிய கோட்பாடு பிழையன்று. பிழை, நம்மவர் செய்ததைக் காணாதிருக்க அதனைத் திரையாக்கியமையே. 1987 முதல் 1990 வரை இந்தியப் படையினரால் வலிகாமத்து மக்கள் பட்ட துன்பமும், ராஜீவ் மீண்டும் ஆட்சிக்கு வருவார் என்ற அச்சமும் இக்கொலையின் வரலாற்றுச் சூழலாகும். சூழலை விளக்குதல் கொலையை நியாயப்படுத்துதல் அன்று.

1999இல் மரண தண்டனை உறுதிசெய்யப்பட்ட நால்வருள் ஒருவரான சாந்தன் 2022 நவம்பரில் விடுதலையான பின்னரும் திருச்சி முகாமில் வைக்கப்பட்டார். 2024 பெப்ரவரி 28ஆந் திகதி சென்னையில் இறந்தார். யாழ்ப்பாணத்திற் காத்திருந்த தாயிடம் உடலே வந்து சேர்ந்தது. சதியை வகுத்தோர் நீதிமன்றின் முன் நிற்கவேயில்லை. நின்றோர் பெரும்பாலும் ஏவலின் கீழ்ப்படியில் இருந்தவர்களே. மர்ம மனிதரைத் தேடுவதிலும், இவ்வேற்றத்தாழ்வை விளக்குவதே வரலாற்றாசிரியனின் முதற் கடனாகும்.