மிஷன் கதவைச் சாத்தியது, டொக்டர் மேரி ரட்ணம் ஊருக்குள் போனார்

யாழ்ப்பாணத்தின் மிஷன் வைத்தியர்கள் பற்றிக் கதைக்கும்போது எங்களில் பெரும்பாலானோருக்கு உடனே நினைவுக்கு வருவது சாமுவேல் கிறீன்தான். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழில் மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தவர். அதே அமெரிக்க மிஷனுக்காக, அவருக்குப் பிறகு, ஒரு பெண் டொக்டரும் வந்தார். அவரை மிஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காரணம் அவருடைய வைத்தியம் இல்லை, அவருடைய கல்யாணம். இந்தப் பதிவில் நாங்கள் பேசப்போவது அந்த மேரி ரட்ணத்தைப் பற்றி.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் உள்ளேயே எடுக்காத காலம் அது. டொரொண்டோவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்து, 1896இல் டொக்டராக வெளியே வந்தார். அப்போது இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண் டொக்டரிடம் உடம்பைக் காட்டத் தயங்கிய பெண்கள் நோயோடு வீட்டிலேயே கிடந்தார்கள். அவர்களுக்குப் பெண் டொக்டர்மார் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்குத்தான் மேரியைத் தெரிவு செய்தார்கள்.

ஆனால் வருகிற வழியில், அமெரிக்காவில், சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழரைச் சந்தித்தார். இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கனகரட்ணம் படித்தவர், கிறிஸ்தவர், சமூக வேலைகளில் ஈடுபாடு உள்ளவர். மிஷன் எதிர்பார்த்த தகுதி எல்லாமே அவரிடம் இருந்தது. ஆனாலும் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தமிழரைக் கல்யாணம் செய்ததை மிஷனால் ஏற்க முடியவில்லை. கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று என்று போதித்தவர்கள், கல்யாணம் என்று வந்தவுடன் நிறம் பார்த்தார்கள். மேரிக்கு இணுவிலில் இடம் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரி 1898இல் அவர் இல்லாமலே திறக்கப்பட்டது.

ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கொழும்புக்கு வந்து, பெண்களுக்கான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் வேலை செய்தார். பிறகு சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிரசவமும் பெண்களின் நோய்களும்தான் அவருடைய துறை. ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். ஆண் டொக்டர்மாரின் வாழ்க்கை வரலாற்றில் பிள்ளைகளை யார் வளர்த்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. மேரியின் கதையில் அதைத் தவிர்க்க முடியாது. அவர் இந்த நாட்டில் தங்கியதற்கே காரணம் அந்தக் குடும்பம்தான். மிஷன் ஒரு தடையாகப் பார்த்த உறவுதான் அவரை இந்த மண்ணோடு கட்டிப்போட்டது.

அந்தக் காலத்தில் ஒரு பிரசவ வைத்தியர் என்ன பார்த்திருப்பார் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். 1930களில்கூட இந்தத் தீவில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். அதில் எத்தனையோ சாவு தடுத்திருக்கக்கூடிய சாவு. இரத்தச்சோகை, மலேரியா, சுத்தமில்லாத தண்ணீர், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு. இதெல்லாம் கட்டிலுக்கு வந்து சேரும்போது டொக்டர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நோய் தொடங்குகிற இடம் கிணற்றடி, குசினி, மலசலகூடம். பெண்ணின் பேச்சு எடுபடாத வீடும் அதில் சேர்த்திதான்.

இதனால்தான் மேரியின் வேலை மருந்தோடு நிற்கவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். 1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியம், 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் என்று ஒவ்வொன்றாக உருவாவதில் அவருடைய கை இருந்தது. கலாலயா இசை, நடனப் பள்ளியைப் பின்னாளில் தொடங்கியது இந்தத் தமிழ் மாதர் சங்கம்தான். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோதும் அவர் அதற்குள் இருந்தார். அடுத்த வருடம் அந்தச் சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் நின்றார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேள்வி வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். 1931இல் இங்கே ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை வந்தது. ஆனால் சுதந்திரம் கிடைத்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையும், அதோடு வாக்கும் பறிக்கப்பட்டன. வாங்கிய உரிமை தானாக நிலைத்து நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மேரியின் பெரிய வேலை என்று நாங்கள் கருதுவது 1930இல் தொடங்கிய லங்கா மகிளா சமிதி. அதற்கு மாதிரி அவருடைய சொந்த மாகாணத்திலேயே இருந்தது. மேரி கனடாவை விட்டு வந்த அடுத்த வருடம், 1897இல், ஒன்ராறியோவில் அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் கிராமத்துப் பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். கெட்டுப்போன பாலால் தன் குழந்தையைப் பறிகொடுத்தவர் அவர் என்று சொல்லப்படுகிறது. வீட்டுச் சுகாதாரம் தெரிந்திருந்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்பதுதான் அவருடைய வாதம். மேரி அந்த யோசனையை இலங்கைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். பெண்கள் கூடி உடல்நலம், சத்துணவு, பிள்ளை வளர்ப்பு, கைத்தொழில் பழகினார்கள். கூட்டம் நடத்தவும் பழகினார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு கூட்டத்தில் எழும்பிக் கதைப்பது பலருக்கு அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

1937இல் அவர் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். அந்தச் சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர்தான். ஆனால் ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி அவருடைய ஆசனத்தைப் பறித்துவிட்டார்கள். 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அப்போது வயது 80. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெண்தான் முடிவெடுக்க வேண்டும் என்று வெளியில் சொல்லவே பலர் கூச்சப்பட்ட காலம் அது. 1958இல் பொதுச்சேவைக்காக ரமோன் மகசேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார்.

அவரை நாங்கள் தெய்வமாக்கத் தேவையில்லை. அவர் சேர்ந்து வேலை செய்த சங்கங்கள் பல, கொழும்பின் ஆங்கிலம் படித்த மேல்தட்டுப் பெண்களால் நடத்தப்பட்டவை. ஏழைப் பெண்ணுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற தொனி அந்தக் காலத்துச் சமூகசேவையில் தாராளமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆனாலும் கிராமத்துப் பெண்கள் தாங்களே தலைவியாக, செயலாளராக, பொருளாளராக இருந்து நடத்தும் சங்கம் என்பது வெறும் தர்மம் இல்லை. தர்மம் வாங்குகிறவர் கணக்குக் கேட்க முடியாது. சங்கத்து உறுப்பினர் கேட்கலாம்.

பிறகு ஏன் மறந்தோம்? மேரி எந்தப் பட்டியலுக்குள்ளும் ஒழுங்காக அடங்குவதில்லை. மிஷன் வரலாற்றுக்கு அவர் விலகிப்போனவர். தமிழர் வரலாற்றுக்கு வெள்ளைக்காரி. அவருடைய கிராம வேலையின் பெரும்பகுதி சிங்களக் கிராமங்களில். ஆளாளுக்குத் தங்கட ஆட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நாட்டில், இப்படியானவர்கள் ஒருவர் கணக்கிலும் வராமல் போய்விடுகிறார்கள்.

இண்டைக்கும் எங்கட ஊர்களில் மாதர் சங்கங்கள் இருக்கின்றன. அம்மாவோ அம்மம்மாவோ மாசம் ஒருக்கால் கூட்டத்துக்குப் போய்வருவதை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. அடுத்தமுறை போய் வந்தால் அங்கே என்ன கதைத்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள்.