திருவையாறு, 1989: நட்சத்திர அரசியலும் கிளை அமைப்பும்

1989 சட்டமன்றத் தேர்தலில் சிவாஜி கணேசன் திருவையாறு தொகுதியில் நின்றார். அவருடைய பூர்விகமான சூரக்கோட்டையும் அதே தஞ்சை மண்ணில்தான் இருக்கிறது. திமுகவின் துரை. சந்திரசேகரனிடம் பத்தாயிரத்துக்கும் கூடுதலான வாக்குகளில் தோற்றார். முந்தைய ஆண்டு அவர் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணிக்கு ஓரிடம்கூடக் கிட்டவில்லை. திரைக்கும் அரசியலுக்குமான உறவை ஆராய்வோர் எம்.ஜி.ஆரின் வெற்றியிலிருந்து தொடங்குவதே வழக்கம். இத்தோல்வியிலிருந்து தொடங்குவது பயனுள்ளது என்பது என் கருத்து.

எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் அடித்தட்டு மக்களின் இசைவை எவ்வாறு பெற்றது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 'த இமேஜ் ட்ராப்' நூலில் (1992) நுட்பமாக விளக்கினார். அந்நூலை ஒதுக்கிவிட்டு இத்துறையில் எதுவும் பேச இயலாது. ஆயினும் பிம்பத்தை மட்டும் கொண்டு திண்டுக்கல்லை விளக்க முடியாது. 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அதே மாதம் அதிமுகவைத் தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அக்கட்சி வென்றது. ஆளுங்கட்சியான திமுக மூன்றாமிடத்துக்கு இறங்கியது. வேட்பாளர் நடிகரல்லர், வழக்கறிஞர் மாயத்தேவர். இரட்டை இலையும் வாக்காளருக்குப் புதிய சின்னம். ஏழே மாதங்களில் பூத் முகவர்களும் சுவரெழுதும் ஆட்களும் எங்கிருந்து வந்தனர்? எம்.ஜி.ஆர். 1953 முதல் திமுகவில் இருந்தவர். அந்த இருபது ஆண்டுகளில் ரசிகர் மன்றத்துப் பையன்கள் பலர் கிளைக் கழகத்திலேயே தேர்தல் வேலை பழகியிருந்தனர். தலைவர் வெளியேறியபோது அந்தப் பழக்கமும் அவருடன் வெளியேறியது.

சிவாஜிக்கும் மன்றங்கள் இருந்தன. காமராஜருக்காக அவர் மேடையேறினார். 1982இல் மாநிலங்களவை உறுப்பினருமானார். ஆனால் 1967க்குப் பின் தமிழகத்தில் ஆட்சியையே காணாத, கோஷ்டிகளால் பிளவுண்ட காங்கிரசில், அவருடைய மன்றத்தாருக்கு அத்தகைய பயிற்சி வாய்க்கவில்லை என்றே கருதுகிறேன்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் பிளவுண்ட அதிமுகவில் அவர் மனைவி ஜானகியின் அணியுடன் சிவாஜி கூட்டுச் சேர்ந்ததே தோல்விக்குக் காரணம் என்பர். ஆண்டிப்பட்டியில் ஜானகியே தோற்றார் என்பதால் இவ்வாதத்தில் பொருளுண்டு. ஆனால் அதே தேர்தலில் ஜெயலலிதா அணி 27 இடங்களைப் பெற்றது. அவரும் நடிகைதான், 1983 முதல் கொள்கைபரப்புச் செயலாளராக மாவட்டந்தோறும் கட்சிக்காரர்களைச் சந்தித்திருந்தார். ஜானகிக்கு அத்தகைய தொடர்பு இருந்ததில்லை.

வலுவான மறுப்பு ஆந்திரத்திலிருந்து வருகிறது. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசத்தைத் தொடங்கிய என்.டி.ராமாராவ், 1983 ஜனவரியில் 200க்கும் மேற்பட்ட இடங்களை வென்றார். இருபதாண்டுக் கட்சிப் பயிற்சி அவருக்கு இல்லை. இங்கே என் வாதத்துக்கு ஒரு வரம்பு கட்டியாக வேண்டும். ஐந்தாண்டில் நான்கு முதல்வர்களை மாற்றிய காங்கிரஸ், ஆந்திரத்தில் தன் செல்வாக்கைத் தானே கரைத்திருந்தது. அக்கட்சியிலிருந்து வெளியேறி வந்தோரும் புதுக் கட்சிக்கு உதவினர். 1989இல் தமிழகத்தில் அத்தகைய வெற்றிடம் இல்லை. 13 ஆண்டுகள் ஆட்சிக்கு வெளியே இருந்தும் திமுகவின் கிளைகள் குலையவில்லை. திருவையாற்றில் சிவாஜி எதிர்கொண்டது அக்கிளைகளைத்தான்.