பேஷன்ஸ் லோடர்

பேஷன்ஸ் லோடர் ரோசா ஆர்ச்சர் (1827 - 1922) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பகுதியில் குடியேறிய மார்மன் முன்னோடிப் பெண் ஆவார். 1856ஆம் ஆண்டு மார்ட்டின் கைவண்டிக் குழுவில் பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தார். இப்பயணத்தில் இவருடைய தந்தை உயிரிழந்தார். முதுமையில் இவர் எழுதிய தன்வரலாறு, கைவண்டிப் பயணங்களைப் பற்றி ஒரு பெண் எழுதிய மிக விரிவான நேரடிப் பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மார்மன் முன்னோடிகள்

மார்மன்கள் எனப் பரவலாக அறியப்படுவோர் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறித்து திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இத்திருச்சபையை 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவினார். 1844இல் இலினொய் மாநிலத்தில் அவர் கொல்லப்பட்ட பின்னர், பிரிகாம் யங் தலைமையில் பெரும்பாலானோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர். அவ்வாண்டு முதல், கண்டத்தைக் கடக்கும் தொடருந்துப் பாதை 1869இல் நிறைவு பெறும் வரை, அங்கு வந்து சேர்ந்தவர்களே முன்னோடிகள் என அழைக்கப்படுகின்றனர்.

இவர்களுள் பெரும் பகுதியினர் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்கள். இத்திருச்சபையின் சமயப் பரப்புரை 1837இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் தொடங்கியது. 1851 அளவில் பிரித்தானியாவில் 30,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். அப்போது யூட்டாவில் வாழ்ந்த மார்மன்களைவிட இத்தொகை பெரியது. புதிதாகச் சேர்ந்தோர் யூட்டாவிற்குச் சென்று குடியேறுவது சமயக் கடமையாகக் கற்பிக்கப்பட்டது. வறியவர்களுக்குப் பயணக் கடன் வழங்குவதற்காக 1849இல் நிலையான குடியேற்ற நிதி என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது.

குடும்பப் பின்னணி

பேஷன்ஸ் 1827இல் ஆக்ஸ்போர்டுசயரில் உள்ள ஆஸ்டன் ரோவன்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லோடர், தாய் ஏமி பிரிட்னெல். ஜேம்ஸ் அவ்வூரில் ஒரு பிரபுக் குடும்பத்தின் தோட்டக்காரராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இத்தம்பதியருக்குப் பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தனர். குடும்பத்தின் பெண்கள் சிலர் உரிய வயது வந்ததும் வீட்டு வேலைக்குச் சென்றனர். பேஷன்சும் இலண்டனில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். பேஷன்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொறுமை என்பது பொருள்.

1850களின் தொடக்கத்தில் பெற்றோர் மார்மன் சமயத்தில் இணைந்தனர். பின்னர் பேஷன்சும் சகோதரிகள் சிலரும் திருமுழுக்குப் பெற்றனர். சகோதரி சில்பா, ஜான் ஜாக்ஸ் என்பவரை மணந்தார். லெஸ்டர்சயரைச் சேர்ந்த ஜான் ஜாக்ஸ் (1827 - 1900) திருச்சபையின் பிரித்தானிய வெளியீடுகளில் எழுதிவந்தவர். சமயப் பாடல்களையும் சிறுவர்களுக்கான வினா விடை நூல் ஒன்றையும் இயற்றியவர். இம்மருமகனின் எழுத்து பிற்காலத்தில் குடும்பத்தின் போக்கையே மாற்றியது.

கடற்பயணம்

ஜேம்ஸ், ஏமி, பேஷன்ஸ் மற்றும் இளைய பிள்ளைகள் 1855 டிசம்பரில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஜான் ஜே. பாய்ட் என்னும் கப்பலில் புறப்பட்டனர். குளிர்காலத்து அத்திலாந்திக்கில் கடும் புயல்கள் வீசின. சேதமடைந்து மிதந்துகொண்டிருந்த லூயி நெப்போலியன் என்ற மற்றொரு கப்பலின் மாலுமிகளை இக்கப்பல் வழியில் மீட்டது. 66 நாட்கள் நீடித்த பயணம் 1856 பெப்ரவரியில் நியூயார்க்கில் முடிந்தது. மேற்குக்குச் செல்லப் போதிய பணம் இல்லாததால் குடும்பத்தினர் சில மாதங்கள் நியூயார்க்கில் வேலை செய்தனர். ஜான் ஜாக்ஸ், சில்பா, அவர்களுடைய மகள் புளோரா ஆகியோர் 1856 மே மாதம் ஹொரைசன் கப்பலில் லிவர்பூலை விட்டுப் புறப்பட்டனர்.

கைவண்டித் திட்டமும் கடிதச் சர்ச்சையும்

மாட்டு வண்டிகளில் குடியேறிகளை அழைத்துச் செல்வது செலவு மிகுந்ததாக இருந்தது. குடியேற்ற நிதியிலும் பற்றாக்குறை ஏற்பட்டது. எனவே 1855இல் பிரிகாம் யங் கைவண்டித் திட்டத்தை அறிவித்தார். இதன்படி, குடியேறிகள் அயோவா நகரம் வரை தொடருந்தில் சென்று, அங்கிருந்து தம் உடைமைகளை இரு சக்கரக் கைவண்டிகளில் ஏற்றித் தாமே இழுத்துச் செல்ல வேண்டும். ஒருவருக்கு 17 இறாத்தல் (ஏறத்தாழ 7.7 கிலோகிராம்) எடையுள்ள உடைகளும் படுக்கையும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் நகரம் வரை ஒருவருக்கு 9 பவுண்கள் செலவாகும் என மதிப்பிடப்பட்டது.

இத்திட்டத்தைப் பற்றிய செய்தி நியூயார்க்கில் இருந்த லோடர் குடும்பத்தைக் கலங்கச் செய்தது. பேஷன்ஸ் தம் மைத்துனர் ஜான் ஜாக்சுக்குக் கடிதம் எழுதினார். தாய் அவ்வளவு தொலைவு நடக்க இயலாதவர் என்பதும், வயதில் மூத்தவர்களும் இளம்பெண்களும் வண்டி இழுத்துச் செல்வது தகாது என்பதும் அதில் தெரிவிக்கப்பட்ட கவலைகள். அது குடும்பத்திற்குள் எழுதப்பட்ட கடிதம். ஆனால் அதுவும், ஜான் ஜாக்ஸ் அதற்கு எழுதிய கடுமையான மறுமொழியும், திருச்சபையின் இங்கிலாந்து இதழான மில்லெனியல் ஸ்டாரில் 1856 ஜூன் மாதம் அச்சிடப்பட்டன. தயங்குவோரின் சமயப் பற்றையே அம்மறுமொழி கேள்விக்குள்ளாக்கியது. அவ்விதழ் பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களால் படிக்கப்பட்டு வந்தது.

தாம் பற்றில்லாதவர் எனப் பலரும் எண்ணும்படி ஆகிவிட்டதே என்று ஜேம்ஸ் பெரிதும் வருந்தியதாகப் பேஷன்ஸ் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இதன்பின் அவர் கைவண்டியில் செல்வதென முடிவு செய்தார். குடும்பத்தினர் அயோவா நகரத்தை அடைந்து, அங்கு ஜாக்ஸ் குடும்பத்துடன் இணைந்தனர்.

மார்ட்டின் குழுவின் பயணம்

எட்வர்ட் மார்ட்டின் தலைமையிலான இக்குழு 1856ஆம் ஆண்டின் ஐந்தாவது கைவண்டிக் குழுவாகும். இதில் ஏறத்தாழ 576 பேர் இருந்தனர். கப்பல்கள் தாமதமாகப் புறப்பட்டதாலும் அயோவா நகரத்தில் வண்டிகள் ஆயத்தமாக இல்லாததாலும் ஜூலை 28 அன்றுதான் இவர்களால் புறப்பட முடிந்தது. வண்டிகள் நன்கு உலராத மரத்தால் செய்யப்பட்டிருந்தன. சமவெளியின் வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சக்கரங்கள் தளர்ந்தன. பழுதுபார்க்கவும் நாட்கள் செலவாயின. மிசூரி ஆற்றங்கரையில் உள்ள புளோரன்சிலிருந்து ஆகஸ்டு இறுதியில்தான் குழு மீண்டும் புறப்பட்டது.

பயணத்தின்போது சில்பா ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அதே வேளையில் மற்றொரு சகோதரி தாமர் கடும் காய்ச்சலால் துன்புற்றார். குழு காத்திருக்க இயலாமல் முன்னே சென்றுவிட, லோடர் குடும்பத்தினர் மட்டும் பின்தங்கி, ஓநாய்களுக்கு அஞ்சி இரவில் பெருந்தீ மூட்டிக் காவல் இருந்ததாகப் பேஷன்ஸ் குறிப்பிடுகிறார்.

தந்தையின் மறைவு

ஜேம்ஸ் நோயுற்று நலிந்த நிலையிலும் வண்டி இழுப்பதை நிறுத்த மறுத்தார். நடக்க முடியாமல் கீழே விழும் வரை அவர் இழுத்தார். 1856 செப்டம்பர் 27 அன்று நெபராஸ்காவின் ஆஷ் ஹாலோ பகுதியில் உயிர் நீத்தார். பெட்டி செய்வதற்கு மரம் இல்லாததால் அவருடைய உடல் துணியில் சுற்றப்பட்டுப் பாதையோரம் அடக்கம் செய்யப்பட்டது. குடும்பத்தின் வண்டியை இழுக்கும் பொறுப்பு பேஷன்சையும் சகோதரிகளையும் சேர்ந்தது.

நார்த் பிளாட் ஆறு

விலங்குகளும் மனிதர்களும் தளர்ந்து போனதால் அக்டோபர் 17 அன்று சுமையைக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. பெரியவர்களுக்கு 10 இறாத்தலும் சிறுவர்களுக்கு 5 இறாத்தலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. எஞ்சிய போர்வைகளும் உடைகளும் எரிக்கப்பட்டன. இரண்டு நாட்களுக்குப் பின்னர், அக்டோபர் 19 அன்று, இன்றைய வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகருக்கு அருகே நார்த் பிளாட் ஆற்றை இறுதி முறையாகக் கடந்தபோது ஆலங்கட்டி மழையும் பனிப்புயலும் தொடங்கின. லோடர் சகோதரிகள் ஆழமான குளிர்ந்த நீரில் இறங்கி வண்டியைக் கரை சேர்த்தனர். நனைந்த உடைகள் உடலிலேயே உறைந்தன. தொடர்ந்து பெய்த பனியில் குழு முன்னேற முடியாமல் நின்றது. நாளொன்றுக்கு ஓர் இறாத்தலாக இருந்த மாவுப் பங்கீடு படிப்படியாகக் குறைந்து, நவம்பரில் கால் இறாத்தல் ஆனது.

இந்நாட்களைப் பற்றிப் பேஷன்ஸ் எழுதிய ஒரு நிகழ்வு பலராலும் எடுத்தாளப்படுவது. ஒரு நாள் காலையில் குளிரும் பசியும் தாங்காமல் மகள்கள் எழ மறுத்தனர். கணவரை இழந்த ஏமி, மகள்களை உற்சாகப்படுத்துவதற்காக அவர்கள் முன் நடனமாடத் தொடங்கினார். ஆடும்போது பனியில் கீழே விழுந்தார். தாய்க்கு அடிபட்டதோ என அஞ்சி மகள்கள் அனைவரும் துள்ளி எழுந்தனர். அவர்களை எழுப்புவதே தம் நோக்கம் என்று ஏமி சிரித்தார்.

மீட்பு

இரு கைவண்டிக் குழுக்கள் இன்னும் சமவெளியில் இருப்பதைப் பிரிகாம் யங் அக்டோபர் 4 அன்றுதான் அறிந்தார். மறுநாள் நடைபெற்ற கூட்டத்தில் மீட்புக்கு ஆட்களையும் மாவையும் விலங்குகளையும் கோரினார். முன்னே வந்த குதிரை வீரர்கள் அக்டோபர் 28 அன்று ரெட் பியூட்ஸ் என்னுமிடத்தில் மார்ட்டின் குழுவைக் கண்டனர். நவம்பர் 4 அன்று குழுவினர் பனிக்கட்டிகள் மிதந்த சுவீட்வாட்டர் ஆற்றைக் கடந்து, இன்று மார்ட்டின் கோவ் எனப்படும் மலை மடிப்பில் ஒதுங்கினர். ஆற்றில் நின்று மக்களைச் சுமந்து சென்ற இளைஞர்களைப் பேஷன்ஸ் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

மீட்பு வண்டிகளில் ஏற்றப்பட்ட குழுவினர் நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை சால்ட் லேக் நகரத்தை அடைந்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன் சில்பாவின் மகள் புளோரா இறந்தாள். குழந்தையின் உடலைப் பெற்றோர் நகரம் வரை கொண்டு வந்து அடக்கம் செய்தனர். மார்ட்டின் குழுவில் 135 முதல் 150 பேர் வரை இறந்திருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர். நடக்க இயலாதவர் எனக் கடிதத்தில் கூறப்பட்ட ஏமி உயிருடன் வந்து சேர்ந்தார். செல்வதென முடிவெடுத்த ஜேம்ஸ் வந்து சேரவில்லை.

யூட்டா வாழ்க்கை

யூட்டா மார்மன்களுக்கும் கூட்டரசுக்கும் இடையே 1857-58இல் ஏற்பட்ட மோதலின் விளைவாக, சால்ட் லேக் நகருக்குத் தென்மேற்கே கேம்ப் பிளாய்ட் என்னும் படை முகாம் அமைக்கப்பட்டது. அங்கு பணிபுரிந்த அங்கேரியில் பிறந்த படைவீரர் ஜான் ரோசாவைப் பேஷன்ஸ் 1858இல் மணந்தார். கூட்டரசுப் படையினரை மார்மன் சமூகம் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. ரோசா பின்னர் மார்மன் சமயத்தைத் தழுவினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் 1861இல் படை கிழக்குக்குத் திரும்பியது. பேஷன்சும் கணவருடன் சென்று போர்க்காலத்தில் வாசிங்டன் நகரில் வாழ்ந்தார். போருக்குப் பின் மேற்கு நோக்கித் திரும்பும் காலத்தில், 1866இல், ரோசா நோயால் காலமானார். பேஷன்ஸ் பிள்ளைகளுடன் மீண்டும் சமவெளியைக் கடந்து யூட்டா வந்தார். பிளசன்ட் குரோவ் என்னும் ஊரில் தாயின் அருகே வாழ்ந்தார். பிள்ளைகளைக் காக்கச் சுரங்கத் தொழிலாளர் முகாமில் சமையல் வேலை செய்தார். பின்னர் ஜான் ஆர்ச்சர் என்பவரை மறுமணம் செய்தார். 1922இல் தமது 94ஆம் வயதில் இறந்தார்.

உடன்பிறந்தோர்

தாமர், மீட்புக்கு வந்தவர்களுள் ஒருவரான தாமஸ் ரிக்சை 1857இல் மணந்தார். அக்கால மார்மன் வழக்கப்படி இவர் அவருடைய இரண்டாம் மனைவி ஆவார். ரிக்ஸ் பின்னர் ஐடகோவில் ரெக்ஸ்பர்க் நகரை நிறுவியவர்களுள் முதன்மையானவர். அங்கு 1888இல் தொடங்கப்பட்ட பள்ளி பிற்காலத்தில் ரிக்ஸ் கல்லூரி என அவர் பெயரைப் பெற்று, 2001இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் - ஐடகோ ஆனது.

சில்பாவின் கணவர் ஜான் ஜாக்ஸ் 1889 முதல் திருச்சபையின் துணை வரலாற்றாளராகப் பணியாற்றினார். 1878-79 காலப்பகுதியில் சால்ட் லேக் ஹெரால்டு நாளிதழில் மார்ட்டின் குழுவின் துன்பங்களைப் பற்றித் தொடர் எழுதினார். 1856இல் கைவண்டித் திட்டத்தை ஆதரித்து எழுதிய அதே எழுத்தாளர், தம் மாமனாரையும் மகளையும் இழந்த பயணத்தின் முதன்மையான பதிவாளர்களுள் ஒருவரானார்.

தன்வரலாறு

பேஷன்ஸ் முறையான கல்வி அதிகம் பெறாதவர். அவருடைய கையெழுத்துப் படியில் நிறுத்தற்குறிகள் அரிது. எழுத்துக்கூட்டல் ஒலிப்பை ஒட்டி அமைந்தது. அப்படி 2006இல் சாண்ட்ரா எய்லி பெட்ரீ பதிப்பித்து, யூட்டா மாநிலப் பல்கலைக்கழக அச்சகத்தால் முழு நூலாக வெளியிடப்பட்டது. அதற்கு முன் அதன் பகுதிகள் கைவண்டிப் பயணம் பற்றிய நூல்களில் எடுத்தாளப்பட்டு வந்தன.

கைவண்டிப் பயணங்களைப் பற்றிய கதைகள் பல காலப்போக்கில் மிகைப்படுத்தப்பட்டன. சான்றாக, மூன்று இளைஞர்கள் மட்டுமே குழுவினர் அனைவரையும் சுவீட்வாட்டர் ஆற்றின் குறுக்கே சுமந்து சென்றனர் என்றும், அதன் விளைவாக மூவரும் விரைவில் இறந்தனர் என்றும் நெடுங்காலம் கூறப்பட்டது. சுமந்தவர்கள் அதற்கும் மேற்பட்டோர் என்றும், அம்மூவரும் பல ஆண்டுகள் வாழ்ந்தனர் என்றும் 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய சரிபார்ப்புக்கு நேரில் கண்டோரின் பதிவுகள் இன்றியமையாதவை.

1856 பேரிடருக்கு யார் பொறுப்பு என்பது வரலாற்றாளர்களிடையே இன்றும் விவாதிக்கப்படுகிறது. தாமதமாக அனுப்பிய அதிகாரிகளைப் பிரிகாம் யங் வெளிப்படையாகக் கண்டித்தார். செலவைக் குறைக்க அவரே வகுத்த திட்டத்தின் குறைபாடுகளை வேறு சிலர் சுட்டுகின்றனர். பேஷன்ஸ் இறுதி வரை தம் சமயத்தில் நிலைத்திருந்தார். எனினும் அச்சில் வந்த கடிதம் தந்தைக்கு ஏற்படுத்திய வருத்தத்தை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. திருச்சபை இதழில் பதிவானது மருமகனின் மறுமொழி. அது ஒரு தோட்டக்காரரின் குடும்பத்தில் என்ன செய்தது என்பது மகளின் எழுத்தால் மட்டுமே பிற்காலத்தவருக்குத் தெரிய வந்தது.