சின்ன கேமராவா, பெரிய கேமராவா? காந்தியைச் சுற்றி இருந்த கேமராக்கள்

"டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா, இல்ல சட்டைப்பையில போட்டுக்கிற மாதிரி ஒரு காம்பாக்ட் போதுமா?"

கல்வெட்டு, பழைய வீடு, ஊர்த் திருவிழா என்று சுற்றுகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்ட கையோடு அவர்களே மெகாபிக்சல், லென்ஸ், எடை, விலை என்று ஒரு பட்டியலும் போட்டுவிடுவார்கள். பட்டியலில் தப்பே இல்லை. ஆனால் அதில் ஒரு வரி மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. கேமராவை வெளியே எடுத்ததும் எதிரே இருக்கிற மனிதருக்கு என்ன ஆகிறது?

இந்தக் கேள்வி டிஜிட்டல் காலத்தில் பிறந்தது இல்லை. ஏறக்குறைய நூறு வயது அதற்கு. அதைப் புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போகும் இடம், காந்தியின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள். உலகின் மிக நல்ல புகைப்படக்காரர்கள் சிலர், வெவ்வேறு கேமராக்களோடு, ஒரே மனிதரைப் படம் பிடித்த காலம் அது.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் என்ற நுண்ணோக்கி நிறுவனம். அங்கே வேலை பார்த்தவர் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தட்டு போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை எடுத்தார். சினிமா சட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 24 க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி ஒரு குட்டிக் கேமரா செய்தார். 1914 வாக்கில் மாதிரி தயார். நடுவில் போர் வந்தது. 1925இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்ற பெயரில் வெளியே வந்தது.

அன்றைய பத்திரிகைப் புகைப்படக்காரர் கையில் இருந்தது ஸ்பீட் கிராஃபிக் மாதிரியான கேமரா. அதன் ஃபிலிம் 4 க்கு 5 அங்குலம். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், லைக்கா படத்தைப் போல சுமார் 15 மடங்கு. "இந்தத் தபால்தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று தொழில்காரர்களுக்குத் தோன்றியிருந்தால் அது நியாயம்தான்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இன்று 'ஃபுல் ஃபிரேம்' என்று பெருமையாகச் சொல்லி விற்கிற டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் அளவு என்ன? அதே 24 க்கு 36 மில்லிமீட்டர்! 1925இன் சட்டைப்பைக் கேமரா அளவுதான் இன்றைய தொழில்முறை அளவுகோல். இன்றைய சாதாரண காம்பாக்டின் சென்சாரைப் போல அது சுமார் 30 மடங்கு பெரிது. பெரியது, சின்னது என்பதெல்லாம் பக்கத்தில் எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அளவை அத்தோடு விட்டுவிட்டு மனிதர்களிடம் போவோம்.

கனு காந்தியும் மூன்று நிபந்தனைகளும்

கனு காந்தி, காந்தியின் உறவுப் பேரன். சேவாகிராம் ஆசிரமத்தில் அலுவலக வேலை பார்த்த இளைஞர். புகைப்படம் எடுக்க ஆசைப்பட்டார். ஜி.டி. பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் வாங்கினார். காந்தி சம்மதித்தார், ஆனால் மூன்று நிபந்தனைகள் போட்டார். ஃபிளாஷ் கூடாது. 'இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்' என்று கேட்கக் கூடாது. ஆசிரமம் இதற்குக் காசு தராது.

ரோலிஃப்ளெக்ஸ் லைக்கா அளவுக்குச் சின்னது இல்லை, ஸ்பீட் கிராஃபிக் அளவுக்குப் பெரியதும் இல்லை. அதை வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவரை முகத்துக்கு நேரே குறிபார்க்கிற பாவனை அதில் வராது. ஒரு ரோலில் 12 படம்தான். குடிசைக்குள் வெளிச்சம் குறைவு, அந்தக் காலத்து ஃபிலிமுக்கு வேகமும் குறைவு. இத்தனைக்கும் நடுவே கனு எடுத்த படங்களில், காந்தி எடைபார்க்கிறார், கடிதம் எழுதுகிறார், தொலைபேசியில் பேசுகிறார். பக்கத்தில் ஒரு ஆள் கேமராவோடு நிற்கிறான் என்ற உணர்வே இல்லாத மனிதராகத் தெரிகிறார்.

கனுவுக்கும் எல்லை இருந்தது. 1944 பிப்ரவரியில் புனேயின் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா இறந்துகொண்டிருந்தபோது, படம் எடுக்க காந்தி அவரை அனுமதிக்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்ந்தவன், ஃபிளாஷ் போடாதவன், தொந்தரவே செய்யாதவன். ஆனாலும் அந்த அறையில் கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போர்க்-வொயிட்டும் மூன்று பல்புகளும்

1946இல் 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-வொயிட் வந்தார். சாதாரண ஆள் இல்லை. 1936 நவம்பரில் வந்த லைஃபின் முதல் இதழ் அட்டைப்படமே அவர் எடுத்ததுதான். பெரிய ஃபிலிம், விளக்குகள், பெட்டி பெட்டியாகச் சாமான் என்று வேலை செய்கிறவர்.

காந்தியை ராட்டையோடு எடுக்க வேண்டும் என்றார். "அப்படியானால் முதலில் நீங்கள் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன நாள், ஆகவே பேசக் கூடாது. கண் கூசும் வெளிச்சம் காந்திக்குப் பிடிக்காது, ஆகவே மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டும் அனுமதி. இருட்டான அறை, பின்னால் ஜன்னல் வெயில். முதல் இரண்டு பல்புகள் வீணாயின. மூன்றாவதில் கிடைத்ததுதான் உலகம் அறிந்த அந்தப் படம். முன்னால் பெரிதாக ராட்டை, பின்னால் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் காந்தி.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'பெரிய கருவி அநாவசியம்' என்று யாராலும் சொல்ல முடியாது. பல்பு இல்லாமல் அந்த அறையில் அந்தத் தெளிவு வந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. பெரிய கருவி தன் வருகையைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதனாலேயே எதிரில் இருப்பவர் நிபந்தனை போட முடிகிறது. "மூன்று பல்புதான்" என்று காந்தியால் பேரம் பேச முடிந்தது.

ஜனவரி 30, 1948

அன்று மதியம் போர்க்-வொயிட் காந்தியைப் பேட்டி எடுத்தார். அதே நாளில் காந்தியைப் போய்ப் பார்த்த இன்னொருவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1932லிருந்து லைக்காதான் அவருக்கு. மினுமினுக்கும் உலோகம் கண்ணில் படக் கூடாது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வார். ஃபிளாஷ் பயன்படுத்த மாட்டார். தன் கண்காட்சிப் புத்தகத்தைக் காந்திக்குக் காட்டிவிட்டு விடைபெற்றார். மாலை 5.17க்கு, பிரார்த்தனைக்கு நடந்துவந்த காந்தி சுடப்பட்டார்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா அன்று அந்தப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவர். நாளைக்குச் சேர்ந்து போகலாம் என்று கணவர் சொன்னதால் திரும்பிவிட்டார். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. கனுவும் டெல்லியில் இல்லை, காந்தி சொன்ன வேலைக்காக நவகாளியில் இருந்தார். இத்தனை பேர் சுற்றி இருந்தும், குண்டு பாய்ந்த அந்த நொடியின் புகைப்படம் நமக்கு இல்லை.

செய்தி கேட்டு இருவரும் பிர்லா மாளிகைக்கு ஓடி வந்தார்கள். உள்ளே காந்தியின் உடல், சுற்றிலும் அழுகிறவர்கள். போர்க்-வொயிட் கேமராவை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஃபிளாஷ் போட்டார். துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிலிமைப் பறித்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் அதே வீட்டில், கிடைத்த வெளிச்சத்தில் சத்தமில்லாமல் எடுத்தார். வாசல் கேட் மேல் ஏறி நின்று நேரு மக்களுக்குச் செய்தி சொன்னபோதும் எடுத்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் அது. ஆட்கள் கலங்கித் தெரிகிறார்கள், விளக்கு வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கிறது. தொழில்நுட்பப் பரீட்சை வைத்தால் ஃபெயில். ஆனால் அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

இதை வைத்து 'சின்ன கேமரா மரியாதை தெரிந்தது, பெரிய கேமரா மரியாதை தெரியாதது' என்று முடித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். போர்க்-வொயிட்டின் கேமரா அன்று மறைக்கிற அளவில்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தது வெளிச்சம். அடுத்து, சத்தமில்லாமல் எடுத்ததால் மட்டும் கார்த்தியே-பிரெஸ்ஸோன் அழைக்கப்பட்ட விருந்தாளி ஆகிவிடுவாரா? துக்க வீட்டில் இருவருமே வேலையாக வந்தவர்கள்தான். ஒருவர் எடுத்தது எல்லோருக்கும் தெரிந்தது, மற்றவர் எடுத்தது தெரியவில்லை. இந்த இடத்தில் கஸ்தூர்பாவின் அறை எனக்கு ஞாபகம் வருகிறது. அங்கே கனு கேட்டார், மறுத்தார்கள், கேமராவைக் கீழே வைத்தார்.

சரி, எதைத்தான் வாங்குவது?

டிஜிட்டலிலும் இதே கதை ஒருமுறை நடந்தது. 1991இல் கோடாக் விற்ற டி.சி.எஸ். தொழில்முறைக் கேமராவில் 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிக்கத் தனிப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2003இல், மேக்னம் புகைப்படக்காரர் அலெக்ஸ் மயோலி ஈராக்கிலும் காங்கோவிலும் ஒலிம்பஸ் சி-5050 என்ற 5 மெகாபிக்சல் காம்பாக்டில் போரைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பெரிய பத்திரிகைகளில் வந்தன. பார்னாக்கின் 'தபால்தலை' ஜெயித்த அதே மாதிரிதான்.

என் வேலையில் இரண்டுக்கும் இடம் உண்டு. தேய்ந்துபோன கல்வெட்டு, செல்லரித்த ஏடு என்றால் டி.எஸ்.எல்.ஆர்., ட்ரைபாட், பக்கவாட்டில் ஒரு விளக்கு. கல்லுக்குக் கூச்சம் கிடையாது. ஒரு எழுத்தின் சுழி தெரியாமல் போனால் அரசன் பெயரே மாறிவிடும்.

பெரியவர்களிடம் பழங்கதை கேட்கப் போனால் விஷயம் வேறு. பெரிய கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் பாட்டிமார்கள் பேச்சை நிறுத்திவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். "இருப்பா, நல்ல புடவை கட்டிட்டு வந்துடறேன்." போய் வந்து உட்கார்ந்தால் பழைய பேச்சு வராது, பேட்டிப் பேச்சுதான் வரும். காம்பாக்ட் என்றால் கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்த நல்ல புடவைக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அந்தப் பாட்டி எடுத்த முடிவு அது. சின்ன கேமரா அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதனால் காம்பாக்டைக் கொண்டுபோனால் கேட்டு அனுமதி வாங்கும் வேலை குறைவதில்லை, கூடுகிறது.

ஆகவே கடைக்குப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது: மெகாபிக்சல் பட்டியலோடு, நீங்கள் அதிகமாக எடுக்கப்போவது கல்லையா, மனிதரையா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கல் என்றால் பெரியதை வாங்குங்கள். மனிதர் என்றால், வெளிச்சம் குறைந்த வீட்டிலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கக்கூடிய நல்ல லென்ஸ் உள்ள சின்னதைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் கனுவுக்குப் போட்ட முதல் இரண்டு நிபந்தனைகளையும் கூடவே எடுத்துப் போங்கள். 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் கீழே வைத்துவிடுங்கள். மூன்றாவது நிபந்தனை, அதாவது யாரும் காசு தர மாட்டார்கள் என்பது, நம் மாதிரி ஆட்களுக்குத் தானாகவே பொருந்திவிடும்.