தேவனுக்குத் தெரிந்த மாலுமி



மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் நகரிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், 2008ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மாலுமி அடக்கம்பண்ணப்பட்டார். அவர் ‘சிட்னி’ என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே அன்று தெரியும். ஆகவே பெயர் அறியப்படாத வீரர்களின் கல்லில் வழக்கமாய்ப் பொறிக்கும் சொற்களே அவருக்கும் வாய்த்தன: தேவனுக்குத் தெரிந்தவர்.

அச்சொற்களை முதல் உலகப் போரின் கல்லறைகளுக்கெனத் தெரிந்தெடுத்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். 1915இல் லூஸ் போர்க்களத்தில் அவருடைய ஒரே மகன் மாண்டான். அந்த உடல் எங்கே கிடக்கிறதென்று அறியாமலே தகப்பன் கண்மூடினார். ஆறுதலுக்காக எழுதிய அலங்கார வாசகமன்று அது என்பதை நினைவில் வையுங்கள்.

1941 நவம்பர் 19 அன்று, டச்சு வணிகக் கப்பல்போல் வேடமிட்டிருந்த ஜெர்மானியக் கப்பல் ‘கோர்மோரான்’ ஒன்றை ‘சிட்னி’ இந்தியப் பெருங்கடலில் நெருங்கிச் சென்றது. மிக அருகில் வந்தபின் வேடம் கலைந்தது. இரு கப்பல்களும் அழிந்தன. ஜெர்மானியர் ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். 300க்கு மேற்பட்டோர் பிழைத்தனர். ‘சிட்னி’யில் இருந்த 645 பேரில் ஒருவர்கூட மீளவில்லை. எப்படி ஒருவர்கூட மீளவில்லை என்ற கேள்வி அக்குடும்பங்களை விட்டு நீங்கவேயில்லை. ஜப்பானியச் சிறையில் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்னும் வதந்தியையும் சிலர் நம்பினர். நம்பாமல் வேறென்ன செய்வார்கள்?

ஏறக்குறைய 11 வாரங்களுக்குப் பின், 1942 பிப்ரவரியில், கிறிஸ்துமஸ் தீவின் அருகே ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் ஓர் உடல் இருந்தது. தீவில் இருந்தவர்கள் இராணுவ மரியாதையுடன் அதைப் புதைத்தார்கள். அடுத்த மாதமே தீவு ஜப்பானியர் வசமாயிற்று. காலப்போக்கில் கல்லறை இருந்த இடமும் மறந்துபோயிற்று.

“தேவன் அறிவார்” என்று சொல்லி நாம் கைகழுவிவிடுவது எளிது. துக்கவீட்டில் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம் அல்லவா? இவர்கள் அப்படி எழுந்து போகவில்லை. 2001இல் கல்லறையைத் தேடித் தோற்றார்கள். 2006இல் மீண்டும் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். 2008 மார்ச்சில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவும் அகப்பட்டது. அவ்வாண்டே அம்மாலுமியை ஜெரால்ட்டனுக்குக் கொண்டுவந்தனர். அங்கே ஸ்காட் குன்றின்மேல், 645 பேருக்காக எஃகினாலான 645 கடற்புறாக்கள் சேர்ந்த குவிமாடம் ஏற்கெனவே எழுந்திருந்தது. கடலை நோக்கிக் காத்துநிற்கும் ஒரு பெண்ணின் சிலையும் அங்கே உண்டு.

அடக்கம் ஆனபின்னும் தேடல் ஓயவில்லை. அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை உறவினர்களின் மரபணுவோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021 நவம்பரில், அவர் இறந்து 80 ஆண்டுகள் நிறைந்த அந்த மாதத்தில், பெயர் அறிவிக்கப்பட்டது. அவர் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேனைச் சேர்ந்தவர்.