உங்கள் ஃபோனில் எந்தச் செயலி இருக்கலாம்? முடிவெடுப்பது யார்?

காசு கொடுத்து ஃபோனை வாங்கியது நீங்கள். அப்போ, அதில் எந்தச் செயலியைப் போடுவது என்பதும் உங்கள் இஷ்டம்தானே?

அது மாறப்போகிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்களில், அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்கள் உருவாக்கிய செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்று கூகல் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் அந்த விதி முதலில் நடப்புக்கு வரும் இடங்களாக அது சொன்னவை: பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து.

இதுவரை எப்படி?

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குப் போகாமலேயே ஓர் இணையத்தளத்திலிருந்து ஏபிகே கோப்பைப் பதிவிறக்கிச் செயலியை நிறுவலாம். இதைத்தான் 'சைட்லோடிங்' என்கிறார்கள்.

ஐபோனில் ஆப்பிள் இதற்கு இடமே கொடுத்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகுதான், 2024 மார்ச்சில் அங்கே மட்டும் மற்றச் செயலிக் கடைகளை அனுமதித்தது.

பூட்டு எதற்கு?

2023இல் சிங்கப்பூரில் நடந்தது நினைவிருக்கிறதா? வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம், மூன்கேக் விற்கிறோம் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். பேசினால், "இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்" என்பார்கள். அதற்குள் தீங்குநிரல் இருக்கும். ஃபோன் மோசடிக்காரர் கைக்குப் போகும், பிறகு வங்கிக் கணக்கும் காலியாகும். அந்த ஆண்டு மட்டும் ஏறக்குறைய 1,900 சம்பவங்கள். இழப்பு குறைந்தது 34 மில்லியன் வெள்ளி.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஓசிபிசி வங்கி ஒரு பாதுகாப்பு அம்சத்தைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து பதிவிறக்கிய, ஆபத்தான அனுமதிகள் கொண்ட செயலி ஃபோனில் இருந்தால், வங்கிச் செயலிக்குள் நுழைய முடியாது. பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் "நல்ல செயலியைக்கூடத் தடுக்கிறதே" என்று வாடிக்கையாளர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இணையத்திலிருந்து பதிவிறக்கப்படும் ஒரு செயலி, குறுந்தகவல்களைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால், அதை நிறுவுவதே தானாகத் தடுக்கப்படும்.

சரி, நல்லதுதானே?

மோசடியைத் தடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

புதிய விதிப்படி, செயலி உருவாக்குபவர் தம்முடைய சட்டபூர்வப் பெயர், முகவரி போன்றவற்றை கூகலிடம் தரவேண்டும். பிளே ஸ்டோரில் விற்காதவருக்கும் இது பொருந்தும். திறந்தநிலைச் செயலிகளை இலவசமாகத் தரும் எஃப்-டிராய்ட் போன்ற தளங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. எதிர்ப்பு வலுத்ததும், அனுபவமுள்ள பயனீட்டாளர்கள் எச்சரிக்கைகளைப் படித்து, அபாயத்தை ஏற்றுக்கொண்டு நிறுவ ஒரு வழி வைப்பதாக கூகல் 2025 நவம்பரில் சொன்னது.

சாவி நிறுவனத்திடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 2009இல் அமேசான், வாடிக்கையாளர்கள் வாங்கிய சில மின்னூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலேயே அழித்தது. விற்றவருக்கு அந்த நூல்களின் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது, அமேசான் மன்னிப்பும் கேட்டது. ஆனால் வீட்டில் இருக்கும் புத்தகத்தைக் கடைக்காரர் வந்து எடுத்துப் போக முடியும் என்று அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

எவ்வளவு கட்டுப்பாடு போதும்?

பூட்டு இருக்கட்டும். ஆனால் அது நியாயமானதா என்று பார்க்க மூன்று கேள்விகள்:

• ஏன் தடுத்தோம் என்று தெளிவாகச் சொல்கிறதா?
• புரிந்துகொண்டுதான் செய்கிறேன் என்பவருக்கு, சற்று மெதுவாகவாவது திறக்கும் வழி இருக்கிறதா?
• தவறாகத் தடுத்தால், முறையிட ஓர் இடம் இருக்கிறதா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது பாதுகாப்பு. ஒன்றுக்குக்கூட 'ஆம்' இல்லை என்றால், ஃபோனின் உரிமையாளர் பெயரளவில்தான் நீங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று: உங்கள் ஃபோனின் அமைப்புகளுக்குப் போய், குறுந்தகவல், அறிவிப்புகள், அணுகல் வசதி ஆகிய அனுமதிகள் எந்தெந்தச் செயலிகளிடம் இருக்கின்றன என்று பாருங்கள். தேவையில்லாதவற்றை எடுத்துவிடுங்கள். அப்படியே அம்மா அப்பா ஃபோனையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எதை எடுக்கலாம் என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்யட்டும்.