கோழி அடைகிற நேரம்



பொழுது சாய்ந்தால் மேய்ந்த கோழிகளில் சில கூட்டுக்குப் போகும். சில முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். "விரட்ட விரட்ட மேலேயே போகுதே, புத்திகெட்ட கோழி!" என்று திட்டுகிறோம். அது புத்திக்கேடு அல்ல, பரம்பரைக் குணம்.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. பகலில் தரையைக் கிளறி மேயும். இருட்டுவதற்குள் மரக்கிளையில் ஏறி உறங்கும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. தரையில் தங்கினால் நரிக்கும் பூனைக்கும் இரைதான்.

இந்தக் காட்டுப் பறவை மனிதனிடம் வந்ததற்கு நம் தொழில்தான் காரணம் என்கிறது 2022-இல் வெளியான ஓர் ஆய்வு. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த கோழி எலும்புகள் கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்தவை. மானாவாரி நெல்லும் சிறுதானியமும் விளைந்த இடத்தில் சிந்திய மணிகளைத் தேடி வந்த கோழி, மெல்ல மெல்ல மனிதனோடு ஒட்டிக்கொண்டது. மேய்ச்சல் மாறியது; உயரத்தில் அடையும் குணம் மாறவில்லை.

நம் முன்னோரும் இந்த அந்திப் பயத்தை அறிந்தவர்களே. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குறுந்தொகையில், 139-ஆம் பாட்டில், ஒக்கூர் மாசாத்தியார் ஒரு வீட்டுப் பெட்டைக்கோழியைக் காட்டுகிறார். மாலையில் வேலியோரம் வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்துவிட, எங்கே நுழைவது என்று தெரியாமல் அது குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. போக இடம் இல்லாததே அதன் துன்பம்.

அந்த இடத்தை எப்படி அமைப்பது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் ரோம் நாட்டு வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா. கோழிக்கூடு சமையலறைப் பக்கம் இருக்கட்டும், புகை பறவைக்கு நல்லது என்றார். கோழி உட்காரும் கட்டை உருண்டையாக இருந்தால் வழுக்கும், சதுரமாகச் செதுக்குங்கள் என்றும் சொன்னார். கோழியின் குணத்தோடு சண்டை போடாமல், அதற்கேற்பக் கூட்டைக் கட்டச் சொன்னார்.

நாமும் அதையே செய்வோம். கூட்டுக்குள் இரண்டடி உயரத்தில், முனை மழுக்கிய இரண்டு அங்குலச் சட்டம் ஒன்று வையுங்கள். சாயங்காலம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கூப்பிட்டு, கூட்டுக்குள் ஒரு கை தானியம் போடுங்கள். புதுக்கோழியை ஒரு வாரம் கூட்டிலேயே வைத்துத் தீனி போட்டுப் பிறகு திறந்து விட்டால் தானே திரும்பி வரும். மரத்தில் ஏறியதை இருட்டிய பின் மெதுவாக எடுத்துச் சட்டத்தில் உட்கார வையுங்கள். சில நாளில் பழகிவிடும். குஞ்சால் மேலே ஏற முடியாது. தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வைத்து, வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கதவை இருட்டுமுன் சாத்துங்கள். கீரியும் பாம்பும் நுழையும் சந்தை அடையுங்கள்.

ஒரே ராத்திரியில் அடைக்கோழி போனால் முட்டையும் போச்சு, பொரிக்க இருந்த குஞ்சும் போச்சு. தாய்மார்களின் சிறுவாட்டுப் பணமும் அதோடு போச்சு. நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கினால் அதைக் காப்பாற்றலாம்.